ஊர் திரும்புதல் பற்றிய ஆட்ட அரங்கு: முதல் ஆற்றுகை கொழும்பிலா, ஊரிலா?

சதங்கை

வணக்கம். ஆட்ட அரங்கு, அதாவது ஆட்டத்தாலேயே கதை சொல்லும் நாடக ஆற்றுகை ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். பரதம் படித்தவர்களும் வடமோடிக் கூத்து ஆடிப் பழகியவர்களுமாக ஒரு சின்னக் குழு. எல்லோரும் கொழும்பில் வேலை பார்ப்பவர்கள் என்பதால் ஒத்திகை சனி, ஞாயிறில்தான்.

கதை எளிமையானது. பல வருடம் வெளிநாட்டில் இருந்த ஒரு பெண் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறாள். அந்தப் பத்து நாளில் அவளுக்கும் ஊருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் முழுவதும். வசனம் அநேகமாக இல்லை. ஒரு சின்ன ஊர் எப்படி இயங்குகிறது என்பது உடம்பிலேயே தெரிய வேண்டும் என்று பாடுபடுகிறோம். கிணற்றடியில் நின்று கதைப்பது, சந்திக் கடையில் பேப்பர் பார்ப்பவர் தலையை மட்டும் நிமிர்த்துவது, செத்த வீட்டுச் சத்தம் கேட்டதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவது, தேர் வடம் பிடிக்கும்போது யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது, இப்படி.

ஒன்றேகால் மணி நேரம். கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று கொண்டு போக யோசனை. எங்கே தொடங்குவது என்பதில் குழு இரண்டாக நிற்கிறது. எனக்குக் கொழும்பில் தொடங்கத்தான் விருப்பம். இங்கே மண்டபம் இருக்கிறது, பத்திரிகைக்காரர் வருவார்கள், அனுசரணை தருபவர்களும் இங்கேதான். நன்றாகச் செதுக்கிய பிறகு ஊருக்குக் கொண்டு போனால் ஊருக்கும் மரியாதை என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹவ்லொக் ரசிகர்

தங்கச்சி, கொழும்பில் தொடங்குவதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஆட்டத்தைப் படித்த கூட்டம் திரும்பிப் பார்த்ததே மேடைக்கு வந்த பிறகுதான்.

1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திராவின் 'மனமே' ஏறியது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிங்கள நாடகம் மரபின் வேர் எங்கள் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. பிறகு 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களை வைத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று வரிசையாகச் செய்தார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்கு ஏற்றபடி அமைத்தார். கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்கே அழைத்துப் பழக்கினார். மாணவராக இராவணன் வேடம் கட்டி ஆடிய மௌனகுரு பின்னாளில் தானே அதை நெறிப்படுத்திப் பல மேடைகளுக்குக் கொண்டு போனார். கூத்தா, அது பட்டிக்காட்டு விசயம் என்று சொன்னவர்கள் கதிரையின் நுனியில் இருந்து பார்த்தார்கள்.

அதனால் தயங்காதீர்கள். ஒன்று மட்டும். மண்டபம் எடுக்கும்போது பெரியதைப் பார்த்து மயங்க வேண்டாம். நெலும் பொக்குன அரங்கில் 1,288 இருக்கை. கிணற்றடியில் ஒரு பெண் தலையைத் திருப்புவது பின்வரிசைக்குப் போய்ச் சேராது. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மண்டபமோ, தமிழ்ச் சங்க மண்டபமோ போதும். கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் வென்ட்.

மத்தளம்

ஹவ்லொக் அண்ணை சொன்ன வரலாறு சரி. அந்த மேடையேற்றத்தால் கிடைத்த மரியாதையையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைமாற்றத்தில் என்ன விடுபட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சதங்கை அக்காவின் கதைக்கு அதுதான் முக்கியம்.

நான் மட்டக்களப்புப் பக்கம். எங்கள் ஊரில் கூத்துப் போடுவது என்றால் அரங்கேற்றத்துக்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடும். ஊர்க்கூட்டம் கூடி எந்தக் கூத்து என்று முடிவெடுப்பார்கள். அண்ணாவியாரை வெற்றிலை வைத்து அழைப்பார்கள். பிறகு சட்டம் கொடுத்தல்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரித்துப் பாட்டைக் கையில் கொடுப்பது. அந்த இரவு வாக்குவாதம் இல்லாமல் விடிந்ததாக நான் கேள்விப்படவில்லை. அப்புறம் இரவிரவாகப் பழக்கம். சதங்கை அணிதல். அடுக்குப் பார்த்தல் என்ற முழு ஒத்திகை. கடைசியில்தான் அரங்கேற்றம். அதற்குள் பழக்கம் பார்க்க வந்த சின்னப்பிள்ளைகளுக்குக்கூட எல்லாப் பாட்டும் பாடம். ஆடுபவன் ஒரு அடியை மறந்து தடுமாறினால் கீழே பாயில் இருக்கும் கிழவி அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பாள்.

கூத்தாடும் இடமான களரியைப் பாருங்கள். வட்டம். நடுவில் அண்ணாவியார், மத்தளம், சல்லாரித் தாளம், பிற்பாட்டுக்காரர். அவர்களைச் சுற்றி ஆட்டம். ஆட்டத்தைச் சுற்றி ஊர். ஆடுபவனுக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாமனோ மச்சானோ முகத்துக்கு நேரே இருப்பான். அவன் ஆட்டத்தை மட்டுமா பார்க்கிறான்? "போன கிழமை வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை பிடித்தவன் இன்றைக்குத் தருமராக வந்து நிற்கிறான்" என்றும் பார்க்கிறான். வேடத்தையும் ஆளையும் ஒன்றாகப் பார்க்கும் அந்தப் பார்வைதான் சின்ன ஊரின் பார்வை. உங்கள் நாயகி பத்து நாளும் அந்தப் பார்வைக்கு நடுவில்தானே நிற்கிறாள்? படச்சட்ட மேடையில் அவளை ஏற்றி, முன்னால் இருட்டை வைத்துவிட்டால் அவளைப் பார்க்க ஊர் இல்லை.

கொழும்பில் செதுக்கி ஊருக்குக் கொண்டு போவது என்கிறீர்கள். எதை வைத்துச் செதுக்குவீர்கள்? சி. ஜெயசங்கர் போன்ற அரங்கச் செயற்பாட்டாளர்கள் மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் என்று தொடங்கியபோது வெளியில் செய்து முடித்து ஊருக்குள் கொண்டு வந்து காட்டவில்லை. அண்ணாவியாரும் ஆடுபவர்களும் ஊரவர்களும் கூட இருந்து, பழைய கூத்தில் பெண்ணையும் சாதியையும் பற்றி வரும் இடங்களை என்ன செய்வது என்று கதைத்துக் கதைத்து மாற்றினார்கள். செதுக்குகிற இடமே ஊர்தான்.

முதல் ஆற்றுகை ஊரில். இதுதான் என் கருத்து.

நிழல்வெளிச்சம்

ஒளியமைப்பு வேலை செய்பவன் என்ற முறையில் சில விசயம். ஊரில் தொடங்குங்கள், கொழும்பில் தொடங்குங்கள், ஆனால் தரையை முதலில் யோசியுங்கள்.

மண்டபத்தில் பலகை. கோயில் வீதியில் மணல். பரதக்காரர் மணலில் தட்டினால் சத்தம் வராது, முழங்கால்தான் நோகும். கூத்துக்காரர் பலகையில் துள்ளினால் சத்தம் மத்தளத்தை மூடிவிடும். இரண்டிலும் ஒத்திகை பார்க்காமல் சுற்றுப்பயணம் தொடங்காதீர்கள். பின்னேரம் மணலுக்குத் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கிவிட்டால் ஆட்டத்துக்குத் தாங்கும், தூசியும் எழும்பாது.

காலம் அடுத்தது. ஒக்டோபரில் இருந்து தை வரை வடக்கு, கிழக்கில் திறந்தவெளியை நம்ப முடியாது. கொழும்பில் மே, ஜூன் மழை. ஆகவே கிழக்கும் வடக்கும் மே முதல் செப்டெம்பருக்குள். அதற்குள்தான் பல கோயில் கொடியேற்றமும் வரும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாழ்ப்பாணத்தில் வேறு எதையும் வைக்க வேண்டாம், சனம் அங்கேதான் நிற்கும்.

வெளிச்சத்துக்கு ஜெனரேட்டர் கட்டாயம். அதன் சத்தம் களரிக்குக் கேட்காத தூரத்தில் வைக்க நீளமான வயர் எடுத்துப் போங்கள். பதிவு செய்த இசையைத் தவிர்க்க முடியுமென்றால் தவிருங்கள்.

கொட்டகலை

அக்கா, நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். உங்கள் பட்டியலில் கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு இருக்கிறது. மலையகம் இல்லை. ஊர் திரும்புதல் என்ற பேச்சு எங்களை விட்டுவிட்டு எப்படி முடியும்?

வெளிநாட்டில் இருந்து வருபவர் மட்டும் ஊர் திரும்புபவர் இல்லை. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு முதல் நாள் இரவு ஹட்டன் பஸ்ஸில் நின்றுகொண்டே போவார்கள். கையில் ஒரு உடுப்புப் பை, தங்கச்சிக்கு ஒரு சட்டை, அம்மாவுக்கு ஒரு சேலை. இரண்டு நாள். திரும்ப பஸ். அதுவும் ஊர் திரும்புதல்தான்.

எங்களிடம் அதற்கான ஆட்டம் ஏற்கனவே இருக்கிறது, காமன் கூத்து. மாசி மாதம் அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவுகளில் தப்புப் பறைச் சத்தம். மன்மதனும் ரதியும் வேடம் கட்டி தோட்டத்து வரிசை வீடுகளான லயன் லயனாக, வாசல் வாசலாக வருவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு வைத்து வரவேற்பார்கள். ரதியாக ஆடுவதும் ஒரு ஆண்தான், காலையில் அவன் மருந்தடிக்கப் போயிருப்பான். கடைசி இரவில் தூதன், வீரபத்திரன், எமன் எல்லாரும் காமன் பொட்டலுக்கு வருவார்கள். ஈஸ்வரன் நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரிந்ததும் ரதி அழுது பாடும் ஒப்பாரிக்கு எங்கள் அம்மாக்கள் நிஜமாகவே அழுவார்கள். தங்கள் வீட்டில் செத்தவர்களை நினைத்து அழுகிறார்கள் என்று எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது.

அந்த இரவுக்காகக் கொழும்பில் லீவு கேட்டு, கிடைக்காவிட்டால் வேலையையே விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்று முடிவெடுத்தார்கள். இங்கேயே பிறந்தவர்களைத் 'தாயகம் திரும்புகிறார்கள்' என்று சொல்லிக் கப்பல் ஏற்றினார்கள். என் தாத்தாவின் தம்பி குடும்பம் அப்படிப் போனது. பிறந்த ஊரில் இருந்து பிரித்து, பார்க்காத ஊருக்கு அனுப்பிவிட்டு அதற்குத் திரும்புதல் என்று பெயர். ஊர் திரும்புவதைப் பற்றி ஆடுகிறவர்கள் இதையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஹட்டனுக்கும் வாருங்கள். வாசலில் ஆட இடம் தருவோம்.

சதங்கை

கொட்டகலைத் தம்பி, ஹட்டனைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன், இது வெறும் பேச்சுக்கு இல்லை. வாசலுக்கு வாசல் போகும் ஆட்டம் என்பது எங்கள் திருவிழாக் காட்சிகளுக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. மத்தளம் தம்பி எழுதியதைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் கதைத்தோம். இன்னும் முடிவில்லை. மற்றவர்களும் எழுதுங்கள்.

மயிலிட்டியான்

1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். 2017இல்தான் இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தை விடுவித்தது. முதல் நாள் உள்ளே போனபோது பாதை தெரியவில்லை. வீடு இருந்த இடத்தில் ஆலமரம் சுவருக்குள்ளேயே வேர் விட்டு நின்றது. கிணற்றுக்கட்டை வைத்துத்தான் எங்கள் வளவு என்று பிடித்தோம். முதலில் செய்த வேலை கிணறு இறைத்தது. வீடு கட்டுவதைப் பற்றி அன்று யாரும் கதைக்கவில்லை. பக்கத்து வளவுக்காரர், அவர்களும் அன்றைக்குத்தான் வந்தவர்கள், கேட்காமலே வாளி கொண்டு வந்தார்கள்.

தங்கச்சி, உங்கள் நாயகி திரும்பி வரும்போது ஊர் அங்கே இருக்கிறது, ஊர் அவளைப் பார்க்கிறது. எங்களுக்கு ஊரும் சேர்ந்தே திரும்பி வந்தது. சனம் முகாமிலும், வாடகை வீட்டிலும், கொழும்பிலும், கனடாவிலும் இருந்து வந்து ஒருவரை ஒருவர் அடையாளம் பிடித்தார்கள். 'நீ இன்னாருடைய மகன்தானே?' என்று கேட்டுக் கேட்டுத்தான் ஊர் திரும்பவும் உண்டானது. வடக்கில் ஆடும்போது இது தெரிந்தவர்கள் முன்னால் ஆடுகிறீர்கள்.

எங்கள் பக்கத்தில் காத்தவராயன் கூத்து. சிந்துநடை. அதன் பாட்டுகளை முகாமில் இருந்த வயதானவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். காத்தவராயன் கழுவேறும் கழுமரக் காட்சிக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உங்கள் ஆட்டத்தில் ஒரே ஒரு இடத்திலாவது அந்த நடை வந்தால், எங்கள் சனம் எழும்பிப் போகாது.

பாக்குமர நிழல்

எனக்கு ஒரு கவலை. எல்லாரும் தங்கள் ஊரை, தங்கள் இழப்பைக் கொண்டு வந்து இந்த ஆட்டத்தில் ஏற்றச் சொல்கிறீர்கள். அது ஒரு பெண்ணின் கதை. பத்து நாள் திருவிழா. அதை அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் சொல்லப் போனால் ஒன்றையும் பார்க்க முடியாமல் போய்விடும். அரசியல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, ஒரு ஆட்டம் தாங்கக்கூடிய பாரத்தைத்தான் சொல்கிறேன்.

புத்தளம் பக்கம்

பாக்குமர நிழல் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன். சகோதரி, உங்கள் ஊரில் முஸ்லிம் குடும்பம் ஒன்றாவது இருக்கிறதா?

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் எங்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள் புலிகள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலும் இருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். என் உம்மா புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு சோனகத் தெரு வீட்டின் திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தா. பாதை திறந்த பிறகு போனோம். சுவர் நின்றது, கூரையும் கதவும் இல்லை. பக்கத்துத் தெருவில் உம்மாவுக்குத் தெரிந்த ஒரு அம்மா இருந்தா. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நிறைய நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அந்த அம்மா உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா.

நாங்கள் திரும்பிப் போய்க் குடியிருக்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு, தொழில், எல்லாம் புத்தளத்தில் ஊன்றிவிட்டது. ஆனால் ஊர் எது என்று கேட்டால் உம்மா மௌத்தாகும் வரை யாழ்ப்பாணம் என்றுதான் சொன்னா.

இதை முழுக்கதையாக ஆடச் சொல்லவில்லை. தேர் வடம் பிடிக்கும் காட்சியில் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று காட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். யார் அங்கே நிற்கவே இல்லை என்பதையும் ஒரு இடைவெளியாகக் காட்டலாம். ஆட்டத்தில் ஒரு ஆள் அளவு இடத்தை வெறுமையாக விட்டு, மற்றவர்கள் அதைச் சுற்றிப் போனால் போதும். பார்க்கிறவர்களுக்கு விளங்கும்.

மத்தளம்

புத்தளம் நானா, நீங்கள் எழுதியது ஒரு நெறியாளரின் யோசனை. கூத்தில் வட்டமாக ஆடி வரும்போது ஒரு ஆள் இடைவெளி விட்டால் அது உடனே கண்ணில் படும். அந்த இடத்துக்கு மத்தளத்தில் ஒரு தட்டை விட்டுவிடலாம்.

ஹவ்லொக் ரசிகர்

ஒரு பக்கம் இன்னும் தொடப்படவில்லை. ஊரிலேயே இருந்தவர்கள். வருபவரைப் பற்றியே கதைக்கிறோம். போகாமல் இருந்தவர்கள்தானே ஊரை வைத்திருந்தார்கள்? நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 'எந்தையும் தாயும்' நாடகம் எழுதியபோது பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட, யாழ்ப்பாணத்தில் தனித்துப்போன பெற்றோரைத்தான் நடுவில் வைத்தார். 2025 ஜனவரியில் அவரும் போய்விட்டார். ஆனால் அவர் காட்டிய அந்த வீடுகள் இன்றும் இருக்கின்றன. பெரிய வீடு, ஆறு அறை, ஒரு கிழவரும் கிழவியும், வேலைக்கு வரும் ஒரு பிள்ளை, சுவரில் படங்கள். உங்கள் நாயகி வந்து நிற்கும் வாசலில் எதிரே யார் நிற்கிறார், அவருடைய உடம்பு அத்தனை வருடமும் என்ன செய்துகொண்டிருந்தது? அந்த ஆட்டத்தை வயதான ஒருவரே ஆட வேண்டும். இளம்பிள்ளைக்குத் தலையில் மா பூசி முதுகை வளைக்கச் சொல்ல வேண்டாம்.

கடல் கடந்தவள்

டப்ளினில் படித்தவள் நான், இப்போது பம்பலப்பிட்டியில். இது உங்களுக்கு உதவலாம். அயர்லாந்தில் மைக்கேல் கீகன் டோலன் என்ற நடன நெறியாளர் தன் குழுவோடு மேற்குக் கெரியில், ஐரிஷ் மொழி பேசும் ஊர்ப்பகுதியில் இருந்துகொண்டு 'மாம்' என்ற ஆற்றுகையைச் செய்தார். 2019 டப்ளின் நாடக விழாவில் முதலில் ஆடினார்கள், பிறகு லண்டன் உட்பட வெளிநாட்டு மேடைகளுக்குப் போனது. அதில் நடுவில் இருப்பவர் கோர்மாக் பெக்லி என்ற கொன்சர்ட்டினா வாத்தியக்காரர். அந்தப் பகுதியின் இசைக் குடும்பத்தில் வந்தவர். நடனக்காரர் பல ஊரவர்கள், ஆனால் மூச்சு அந்த ஊர்க்காரரின் வாத்தியத்தில் இருந்து வருகிறது.

ஊரில் இருந்து செய்தால் வெளியில் விளங்காது என்ற பயம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த ஊரைத் தெரியாதவர்களும் டிக்கெட் எடுத்துப் பார்த்தார்கள். உங்கள் ஆட்டத்தில் மூச்சு யாரிடமிருந்து வரப் போகிறது? மத்தளக்காரரைத் திரைக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைக்காதீர்கள்.

பாக்குமர நிழல்

பாரம் கூடிவிடும் என்று சொன்னவன் நான்தான். அந்த வெறும் இடமும், வாசலில் நிற்கும் வயதானவரும் பாரம் இல்லை. கதைக்குள்ளேயே இருப்பவை. அதைச் செய்யுங்கள். ஆனால் கொழும்பை ஒதுக்க வேண்டாம். இங்கே இருக்கும் தமிழ்ச்சனத்தில் பாதிப்பேர் வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிற்பவர்கள். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் போனபோது சும்மா ஏறி ஒரு தடவை போய் வந்த குடும்பங்கள் எத்தனை! அவர்களும் பார்க்க வேண்டும்.

சதங்கை

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் குழு கூடியது. முடிவைச் சொல்கிறேன்.

முதல் ஆற்றுகை மட்டக்களப்புப் பக்கத்து ஊர் ஒன்றில், வைகாசியில். மத்தளம் தம்பியின் ஊர்ப்பெரியவர்களோடு கதைத்திருக்கிறோம். அரங்கேற்றம் என்று ஒரே நாளில் போய் ஆடிவிட்டு வரப்போவதில்லை. முன்கூட்டியே போய்த் தங்கி, பழக்கத்தை ஊர் பார்க்கும்படி வெளியில் வைக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து இருந்து பார்க்கலாம், சொல்லலாம். அங்கிருந்து யாழ்ப்பாணம். பிறகு ஹட்டன், தம்பி சொன்னபடி வாசலில். கொழும்பு கடைசி.

கொழும்பில் மண்டபத்தின் மேடையைத் தொடப்போவதில்லை. கதிரைகளை எடுத்துவிட்டு நடுத்தரையில் ஆடுகிறோம், நாலு பக்கமும் சனம். இராமகிருஷ்ண மண்டபத்திலும் தமிழ்ச் சங்கத்திலும் கேட்கப் போகிறோம். இருக்கை குறையும், டிக்கெட் வருமானமும் குறையும். அனுசரணை தர வந்த ஒருவர் மேடையில் தங்கள் பதாகை தெரியாது என்பதால் பின்வாங்கிவிட்டார். பரவாயில்லை.

தேர் வடக் காட்சியில் ஒரு ஆள் இடத்தை விடுகிறோம். நேற்று ஆடிப் பார்த்தோம். அந்த இடத்துக்கு வரும்போது யாரும் சொல்லாமலே எல்லோருடைய நடையும் மெதுவாகிவிட்டது.

வாசலில் நிற்கும் தாயாருக்கு ஆள் தேடுகிறோம். அறுபது வயதுக்கு மேல், முன்பு ஆடியிருக்க வேண்டும் என்றில்லை, நிற்கவும் நடக்கவும் விருப்பம் இருந்தால் போதும். கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒத்திகைக்கு வாகனம் அனுப்புவோம்.

மயிலிட்டியான்

என் அக்கா தெகிவளையில் இருக்கிறா. அறுபத்தெட்டு வயது. ஆடினதில்லை, ஆனால் காத்தவராயன் பாட்டு முழுவதும் பாடம். கேட்டுப் பார்த்தேன், வருகிறேன் என்கிறா. தனிமடலில் விவரம் அனுப்புகிறேன், ஞாயிறு பின்னேரம் கூட்டிக்கொண்டு வரட்டுமா?

சதங்கை

கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணை. நாலு மணிக்குத் தொடங்குவோம். அக்காவுக்கு மாடிப்படி கஷ்டம் என்றால் முதலே சொல்லுங்கள், கீழ் வீட்டில் கேட்டு ஒத்திகையைக் கீழே வைக்கிறோம்.